ரோமில் இரண்டு வருடம்: வில்லா மெதிச்சி இசையமைப்பாளர்களுக்கு என்ன கொடுத்தது?

#1 பின்னிரவு (இழையைத் தொடங்கியவர்), சனி இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இசை தொழில் அல்ல, கேட்பவன் மட்டும்தான். ஒரு மாதமாக பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் ரோம் நாட்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அதுவே மனசில் ஓடுகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ரோம் பரிசு என்பது பிரெஞ்சு அரசு 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கொடுத்துவந்த பரிசு. 1803ல் இசையையும் சேர்த்தார்கள். போட்டிக்கு வருபவர்களைத் தனித்தனி அறைகளில் வாரக்கணக்கில் அடைத்துவைப்பார்கள். கொடுத்த கவிதைக்கு ஒரு காண்டாட்டா எழுத வேண்டும், அதாவது பாடகர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து நடத்தும் ஒரு குட்டி இசை நாடகம். ஜெயித்தவருக்கு ரோமில் பிஞ்சியோ குன்றின் மேல் இருக்கும் வில்லா மெதிச்சி மாளிகையில் அறை, சாப்பாடு, உதவித்தொகை எல்லாம் உண்டு. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, 30 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பதிலுக்கு வருடம் ஒரு படைப்பு எழுதிப் பாரிஸில் இருக்கும் அகாதமிக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் 'ஆன்வுவா'. நாம் 'அனுப்புகை' என்று சொல்லிக்கொள்ளலாம்.

டெபுஸ்ஸிக்கு 1884ல் இந்தப் பரிசு கிடைத்தபோது வயது 21. செய்தி வந்த நேரத்தில் பாரிஸில் ஒரு பாலத்தின் மேல் நின்று செய்ன் நதியில் படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். யாரோ தோளைத் தட்டி, பரிசு உனக்குத்தான் என்றதும் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது என்று பல வருடம் கழித்து அவரே எழுதினார். 1885 ஜனவரி கடைசியில் கிளம்பிப் போனார். பச்சைச் சுவர் போட்ட பெரிய அறை ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் 'எட்ருஸ்கன் கல்லறை'. பாரிஸில் அவர் நேசித்த பெண் மரீ வாஸ்னியே, இன்னொருவரின் மனைவி, பாடகி. ரோமிலிருந்து அவர் மனம் திறந்து கடிதம் எழுதியதோ அந்தப் பெண்ணின் கணவருக்கு. இங்கே வேலை ஓடவில்லை, ஊர் ஒட்டவில்லை, திரும்பி வந்துவிடுகிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் அதே புலம்பல். 1887 மார்ச்சில், கட்டாயமாக இருக்க வேண்டிய இரண்டு வருடம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டார்.

அனுப்புகைகளும் சரியாக அமையவில்லை. முதலில் அனுப்பிய 'சூலைமா'வை வாசிக்கவே முடியாத விசித்திரம் என்று அகாதமி ஒதுக்கியது. அடுத்து 'வசந்தம்' என்று பொருள்படும் 'ப்ரென்தாம்'. அதில் சேர்ந்திசைக் குழு சொல்லே இல்லாமல் வாய்மூடி முனகிப் பாடும். அதைப் பார்த்து, தெளிவில்லாத 'இம்ப்ரெஷனிஸம்' (கோட்டைவிடச் சாயலை நம்பிய அந்தக் கால ஓவியப் பாணியின் பெயர்) ஆபத்தானது என்று எச்சரித்தார்கள். டெபுஸ்ஸியோடு இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சொல் அப்படிக் கண்டனமாகத்தான் முதலில் வந்தது.

என் கேள்வி இதுதான். மாளிகை, பணம், நேரம் எல்லாம் கொடுத்தும் எழுத வரவில்லை. அப்படியானால் அந்த இரண்டு வருடம் வீணா? ஓர் இசையமைப்பாளரைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் அந்நிய ஊரில் உட்காரவைத்து எழுது என்பதே தவறான யோசனையா?

#2 தந்தி, சனி இரவு 11:40

நல்ல இழை. டெபுஸ்ஸியைப் பேசும்போது, அவருக்கு முந்தைய தலைமுறை பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸை விட முடியாது. அவர் கதை இதைவிடக் கடுமை.

ஐந்து முறை போட்டியில் கலந்துகொண்டவர். 1830ல், வெளியே பாரிஸ் தெருக்களில் ஜூலைப் புரட்சியின் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே அடைபட்டு உட்கார்ந்து காண்டாட்டாவை முடித்தார். அந்த முறைதான் முதல் பரிசு. ஐந்து வருடத்துக்கு வருடம் 3,000 பிராங்க். இப்போது அவர் நிலைமையைப் பாருங்கள். அதே வருடம் டிசம்பர் 5ஆம் தேதி அவருடைய 'சிம்பொனி ஃபான்டாஸ்டிக்' அரங்கேறுகிறது. கமீல் மோக் என்ற பியானோ கலைஞரோடு நிச்சயமும் ஆகியிருக்கிறது. வாழ்க்கை இப்போதுதான் தொடங்குகிறது என்ற நேரத்தில் ரோமுக்குப் போ என்கிறார்கள். எனக்கு இத்தாலி வேண்டாம், விலக்குக் கொடுங்கள் என்று மனுப் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை.

1831 மார்ச்சில் ரோம் போய்ச் சேர்ந்தார். பாரிஸிலிருந்து கடிதம் வராததால் சில வாரத்திலேயே பொறுமை போய் ஃபிளாரன்ஸுக்குப் புறப்பட்டார். அங்கே வந்த கடிதம் பெண்ணின் அம்மாவிடமிருந்து. பியானோ தயாரிப்பாளர் ப்ளெயெலுக்குப் பெண்ணைக் கொடுக்கிறோம் என்று அதில் இருந்தது. பெர்லியோஸ் வேலைக்காரப் பெண்ணின் உடை ஒன்றைத் தைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். துப்பாக்கிகளும் எடுத்துக்கொண்டார். அந்த வேடத்தில் பாரிஸில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து எல்லோரையும் சுட்டுவிட்டுத் தானும் சாவது என்று கிளம்பிவிட்டார். வழியில் வண்டி மாறியபோது அந்த உடை தொலைந்துபோனது. ஜெனோவாவில் கடலில் விழுந்து பிழைத்தார். நீஸ் வந்து சேர்வதற்குள் வெறி தணிந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இத்தாலியை விட்டு வெளியேறினால் உதவித்தொகை போய்விடும். ஆனால் அன்றைக்கு நீஸ் பிரான்சில் இல்லை, சார்டீனிய அரசின் கையில் இருந்தது. 1860ல்தான் பிரான்சுக்கு வந்தது. அதனால் அவர் கணக்குப்படி இன்னும் எல்லையைத் தாண்டவில்லை! வில்லா மெதிச்சியின் இயக்குநர் ஓவியர் ஒராஸ் வெர்னே நல்ல மனிதர், பெயரை நீக்கவில்லை என்று அன்பாகப் பதில் போட்டார். நீஸில் இருந்த அந்தச் சில வாரங்களைத் தன் வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான நாட்கள் என்று பெர்லியோஸ் பிற்பாடு எழுதினார். 'லியர் அரசன்' முன்னிசை அங்கே எழுதியதுதான்.

ரோமுக்குத் திரும்பியதும் மனுஷன் வீட்டில் தங்கவே இல்லை. தோளில் துப்பாக்கி, கையில் கிதார், சுபியாக்கோ மலைப் பக்கம் கிராமம் கிராமமாக அலைந்தார். விவசாயிகளோடு பாடினார், கிடைத்த இடத்தில் படுத்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பிஃபெராரி' என்ற மலைக்காரர்கள் ரோமுக்கு இறங்கி வந்து தெருமுனை மாதா சுரூபங்களுக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். ஒருவர் கையில் தோல்பை வாத்தியம், இன்னொருவர் கையில் 'பிஃபெரோ'. நம் நாதஸ்வரத்துச் சீவாளி போலவே இரட்டை நாக்கு வைத்து ஊதும் வாத்தியம் அது. பெர்லியோஸ் கிட்டத்தில் போய் நின்று மணிக்கணக்கில் கேட்டிருக்கிறார். 1834ல் 'இத்தாலியில் ஹெரால்ட்' எழுதினாரே, அதன் மூன்றாம் பகுதி தொடங்கியதும் முதலில் கேட்பது அந்த மலைக்காரர்களின் ஊதலைத்தான்.

அகாதமிக்கு என்ன அனுப்பினார்? 1825லேயே பாரிஸ் தேவாலயம் ஒன்றில் வாசித்து முடித்த தன் பழைய பூசை இசையிலிருந்து ஒரு பகுதியைப் பிரதி எடுத்து அனுப்பினார். இளைஞன் ரோமில் நன்றாக முன்னேறியிருக்கிறான் என்று அகாதமி பாராட்டியது.

பின்னிரவு சார், என் பதில் இதுதான். அனுப்புகையைப் பார்த்து வருடத்தை எடை போடக் கூடாது. அனுப்புகை வேறு, ரோம் வேறு.

#3 கணக்கர், ஞாயிறு காலை 7:25

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவெலும் ஐந்து முறை இந்தப் பரிசுக்கு முயன்றார். 1905ல் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். இறுதிச் சுற்றுக்குத் தேறிய அத்தனை பேரும் ஒரே பேராசிரியரின் மாணவர்கள், அந்தப் பேராசிரியர் நடுவர் குழுவில் இருந்தார். பத்திரிகைகள் பொங்கின. பாரிஸ் கன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியின் தலைவரே மாறி, இசையமைப்பாளர் ஃபோரே வந்தார். ராவெல் அதற்கு முன்பே 'ழெ தோ' என்ற பியானோ படைப்பையும் நால்வர் தந்தி இசையையும் எழுதியாகிவிட்டது. வில்லா மெதிச்சியில் ஒரு நாள்கூடத் தங்காமல் ராவெல் ராவெலாக ஆனார்.

டெபுஸ்ஸியைத் திரும்ப இசை எழுதவைத்தது பாரிஸ்தான். பெர்லியோஸுக்கு மலையில் அலைய மாளிகை தேவையில்லை, அந்த 3,000 பிராங்க் போதும். கலைஞனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, எங்கே வேண்டுமானாலும் இரு என்று சொல்லியிருக்கலாம். இடத்துக்குக் கட்டிப்போட்டதுதான் பிழை.

#4 செம்பருத்தி, ஞாயிறு மதியம் 1:50

பொதுவாக இங்கே வாசிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இசையமைப்பாளர், சென்னையில் விளம்பரங்களுக்கும் நாடகங்களுக்கும் எழுதுகிறேன். சில வருடம் முன்பு ஐரோப்பாவில் ஒரு சிறு ஊரில் மூன்று மாத ரெசிடென்சி, அதாவது கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடமும் உதவித்தொகையும் கொடுக்கும் வாய்ப்பு, கிடைத்தது. இடத்தின் பெயர் வேண்டாம்.

டெபுஸ்ஸியின் 'கல்லறை' எனக்குப் புரிகிறது. சென்னையில் எனக்கு ஒரு வேலை வந்தால், நாளை மறுநாள் காலை பத்து மணிக்குள் முப்பது விநாடி வேண்டும் என்பார்கள். கை தானாக ஓடும். அங்கே போனதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரிய மேசை, ஜன்னலுக்கு வெளியே ஆப்பிள் மரம், ஒரு நிமிர்ந்த பியானோ. முதல் மூன்று வாரம் ஒரு ஸ்வரம்கூட எழுதவில்லை. காலையில் உட்காருவேன், பென்சில் சீவுவேன், மத்தியானம் ஆகிவிடும். இரவில் குற்ற உணர்ச்சி. இவ்வளவு பேர் விண்ணப்பித்ததில் எனக்குக் கொடுத்திருக்கிறார்களே என்ற பயம்தான் கையைக் கட்டிப்போட்டது என்று இப்போது தெரிகிறது. கணக்கர் சார், வெறும் பணம் கொடுத்திருந்தால் நான் சென்னையிலேயே இருந்து, அதே முப்பது விநாடிகளைத்தான் இன்னும் கொஞ்சம் நிதானமாக எழுதியிருப்பேன். கை நின்றுபோனது எனக்கு நல்லது. ஆனால் அந்த மூன்று வாரமும் அது நல்லது என்று தெரியாது.

பியானோவும் சரியில்லை. அறையில் ஈரம், நடு ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் மேலே வராது. ட்யூனர் வருவார் வருவார் என்றார்கள், ஆறாவது வாரம்தான் வந்தார். அதுவரை அந்த இரண்டு ஸ்வரங்களைத் தவிர்த்துவிட்டு விரலால் தேடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு சிற்பி. காலை பத்து மணிக்குக் கல்லைத் தட்ட ஆரம்பிப்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. நாலாவது வாரம் ஒருநாள் அவர் தட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கேட்க ஆரம்பித்தேன். ஏழு தட்டு, நீண்ட மௌனம், மூன்று தட்டு, கல்லைத் திருப்பும் உராய்வு. மௌனத்தின் அளவை மட்டும் ஒரு தாளில் குறித்தேன். அங்கே உருப்படியாக எழுதியது அந்தத் தாள் ஒன்றுதான். கடைசி வாரம் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், அதற்காக அவசரமாகச் செய்த படைப்பை இன்றைக்குத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தத் தாளிலிருந்து இரண்டு வருடம் கழித்துத் தாளமும் செல்லோவும் சேர்ந்த இருபது நிமிடப் படைப்பு ஒன்று வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் மாலை நேரத்தை அடுத்த ரெசிடென்சிக்கு விண்ணப்பம் எழுதுவதில் செலவழித்தார்கள். நானும்தான். ஐந்து வருடத்துக்கு உதவித்தொகை என்பதை வாசித்ததும் எனக்கு மாளிகை மேல் பொறாமை வரவில்லை, அந்த ஐந்து வருடத்தின் மேல்தான் வந்தது.

#5 பின்னிரவு, ஞாயிறு இரவு 9:05

செம்பருத்தி மேடம், எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. உங்கள் கல் தட்டும் சத்தத்தைப் படித்ததும் டெபுஸ்ஸியைத் திரும்பப் புரட்டினேன். நான் தவறான பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரோமில் சாந்தா மரியா தெல் ஆனிமா என்று ஒரு தேவாலயம். தேடிப்போனால்தான் கண்ணில் படும். டெபுஸ்ஸி அங்கே போய் பாலெஸ்த்ரீனாவின் பூசை இசையையும் லாஸ்ஸஸின் பூசை இசையையும் கேட்டார். 16ஆம் நூற்றாண்டு இசை, வாத்தியம் இல்லை, குரல்கள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்று வளைந்து படரும். பொதுவாக எதையும் பாராட்டாத அந்தக் கடிதங்களில் இந்த இடத்தில் மட்டும் அவர் குரல் மாறுகிறது. மெலடியின் கோடுகள் பின்னிப் பின்னியே உணர்ச்சியைக் கொண்டுவந்துவிடுகின்றன என்று வியக்கிறார். பிற்காலத்தில் 'அரபெஸ்க்' (வளைந்து பின்னும் கொடிக்கோலம்) என்ற சொல்லை வைத்து அவர் இசையைப் பற்றிப் பேசியதற்கெல்லாம் விதை இங்கே விழுந்தது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது பியானோ மேதை லிஸ்ட். 1886 ஜனவரியில் அவர் வில்லா மெதிச்சிக்கு விருந்துக்கு வந்தார். வயது 74, அந்த ஜூலையிலேயே இறந்துவிட்டார். டெபுஸ்ஸியும் கூடத் தங்கியிருந்த போல் விடாலும் ஷப்ரியேயின் வால்ட்ஸ்களை இரண்டு பியானோவில் அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். லிஸ்டும் வாசித்தார். டெபுஸ்ஸிக்கு அப்போது 23 வயது. 1915ல், உடம்பு கெட்டு, போர் நடக்கும் காலத்தில் அவர் அதை நினைத்துப் பார்க்கிறார். லிஸ்ட் பெடலை மிதித்தது மூச்சு விடுவது போல இருந்தது என்கிறார். ஏறத்தாழ முப்பது வருடம் ஒரு கிழவரின் பாதம் அவர் நினைவில் இருந்திருக்கிறது! டெபுஸ்ஸியின் பியானோ இசையை வாசிப்பவர்களுக்குத் தெரியும், பாதி இசை அந்தப் பெடலில்தான் இருக்கிறது.

தந்தி சார் சொன்னது சரி, அனுப்புகை வேறு, ரோம் வேறு. ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். அந்த வீட்டில் எழுதப்பட்ட எதுவும் முக்கியம் இல்லை. காதில் விழுந்தது மட்டுமே முக்கியம்.

#6 தந்தி, ஞாயிறு இரவு 10:30

ஆமாம், கூனோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1839ல் பரிசு வாங்கி ரோமுக்கு வந்தவர். அந்தக் குளிர்காலத்தில் பெர்லினிலிருந்து ஃபானி ஹென்ஸல் கணவரோடும் பையனோடும் ரோமில் வந்து தங்கியிருந்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் அக்கா. சொந்தமாக நூற்றுக்கணக்கில் எழுதியவர். பெண் என்பதால் வெளியிட வேண்டாம் என்று அப்பாவும் தம்பியும் தடுத்துவைத்திருந்தார்கள். வில்லா மெதிச்சிப் பையன்கள் மாலையில் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். பாக், பேத்தோவன் எல்லாவற்றையும் மனப்பாடமாக வாசிப்பார். பிரான்சிலிருந்து வந்த கூனோவுக்கு அந்த ஜெர்மன் இசையில் பெரும்பாலானது புதிது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று கெஞ்சுவாராம்.

ஆனால் எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். வீட்டில் யாரும் தன்னை இசையமைப்பாளராக நடத்தாத ஃபானிக்கு, அந்தப் பையன்களின் மரியாதை பெரிய தெம்பாக இருந்தது. பெர்லின் திரும்பியதும் 1841ல் 'வருடம்' என்ற தலைப்பில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பியானோ படைப்புகளும் ஒரு முடிவுரையும் எழுதினார். பரிசு கூனோவுக்கு. அந்த ரோம் மாலைகளால் அதிகம் பலன் பெற்றவர் எந்தப் பரிசும் இல்லாமல் வந்தவர்தான் என்பது என் எண்ணம்.

எல்லோரும் அழுதுகொண்டே இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். இதே பரிசு வாங்கிய பிஸே 1858லிருந்து 1860 வரை இருந்தார், அவருக்கு அங்கே பரம சந்தோஷம்.

#7 லாஷபெல், திங்கள் அதிகாலை 2:15

வணக்கம். நான் யாழ்ப்பாணம், பாரிஸுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். இரவு வேலை முடிந்து வந்து இதை வாசித்தேன். பின்னிரவு அண்ணை, அந்த வீட்டில் எழுதப்பட்ட எதுவும் முக்கியம் இல்லை என்று நீங்கள் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. இசையமைப்பாளர் லிலி பூலான்ஜேயை ஒருவரும் சொல்லவில்லையே.

லிலியின் தகப்பன் எர்னெஸ்ட் பூலான்ஜே 1835ல் ரோம் பரிசு பெற்றவர். லிலி பிறக்கும்போது அவருக்கு 77 வயது. பிள்ளைக்கு ஆறு வயதில் தகப்பன் போய்விட்டார். லிலிக்கு இரண்டு வயதில் வந்த நிமோனியா உடம்பை முறித்துவிட்டது, பிறகு வாழ்க்கை முழுக்க நோய்தான். தமக்கை நாடியா பரிசுக்கு முயன்று 1908ல் இரண்டாம் இடத்தோடு நின்றார். 1912ல் லிலி போட்டிக்குப் போய், உடம்புக்கு ஏலாமல் போய்ப் பாதியில் விலகினார். 1913ல் திரும்பப் போனார். 'ஃபாவுஸ்டும் ஹெலனும்' என்ற காண்டாட்டாவுக்கு முதல் பரிசு. இசையில் அந்த முதல் பரிசை வாங்கிய முதல் பெண், வயது 19.

1914 மார்ச்சில்தான் வில்லா மெதிச்சிக்குப் போக முடிந்தது. தகப்பன் இருந்த வீடு. ஃபிரான்சிஸ் ஜாம்மின் கவிதைகளில் பதின்மூன்றைத் தெரிந்தெடுத்து இசையமைத்த 'வானத்தில் வெளிகள்' என்ற பாடல் தொகுதியை அந்த வருடம் முடித்தார். பதின்மூன்று அவருக்குப் பிடித்த எண், அவர் பெயரில் பதின்மூன்று எழுத்து. சில மாதங்களில் யுத்தம் வந்தது, வீடு வெறிச்சோடியது. லிலி பாரிஸ் திரும்பி, நாடியாவோடு சேர்ந்து, போர்முனைக்குப் போன இசை மாணவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். கடிதம், பொதி, சாப்பாடு, குடும்பங்களுக்கு உதவி. எழுதுகிற நேரத்தையெல்லாம் அதற்குக் கொடுத்தார்.

1916 பெப்ரவரியில் திரும்ப ரோமுக்குப் போனார், தனக்குச் சேர வேண்டிய நாட்களை முடிக்க. ஜூன் வரை இருந்தார். பைபிளின் 24ஆம் சங்கீதத்துக்கும் 129ஆம் சங்கீதத்துக்கும் அந்த வருடம் இசை எழுதி முடித்தார், ஓர் ஓபராவிலும் வேலை செய்தார். 1918 மார்ச் 15இல் இறந்தார். வயது 24. கடைசிப் படைப்பான 'பியே ஜேசு'வைப் பேனை பிடிக்க ஏலாமல் நாடியாவுக்குச் சொல்லி எழுதுவித்தார்.

இந்தப் பிள்ளைக்குக் காதில் விழுந்தது முப்பது வருடம் கழித்து முளைக்கும் என்று காத்திருக்க நேரம் இல்லை. ரோமில் கிடைத்த ஒவ்வொரு கிழமையும் அவருக்கு எழுதுகிற கிழமைதான். மாளிகையும் மௌனமும் சமைத்துத் தருகிற ஆட்களும் டெபுஸ்ஸிக்குச் சிறையாக இருந்திருக்கலாம். நோயாளிப் பெண்ணுக்கு அது தேவைப்பட்டது. கணக்கர் ஐயா, வெறும் காசைக் கொடுத்திருந்தால் யுத்தகாலப் பாரிஸில் அவர் அந்தப் பொதிகளைக் கட்டிக்கொண்டே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

#8 பின்னிரவு, திங்கள் காலை 8:40

லாஷபெல் அண்ணா, நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆண்கள் மூன்று நான்கு பேரை வைத்து ஒரு விதியே எழுதிவிட்டேன். இன்று காலை பஸ்ஸில் 24ஆம் சங்கீதத்தைக் கேட்டேன். பித்தளை வாத்தியங்கள் கதவை உடைப்பது போல இறங்குகின்றன. நோயாளி எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

#9 கணக்கர், திங்கள் மாலை 6:10

லிலி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். இடம் என்பது சிலருக்குக் கட்டாயம், சிலருக்குக் கவசம். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இசைக்கு அந்தப் பரிசு தொடங்கி அவருக்குக் கிடைக்க 110 வருடம் ஆனது. அதுவரை எத்தனை ஃபானிகள் வெளியே நின்றார்கள். 1968ல் அந்தப் போட்டியை நிறுத்தினார்கள். வீடு மட்டும் இன்றும் கலைஞர்களுக்குத் திறந்திருக்கிறது, இப்போது விண்ணப்பித்துப் போகலாம், அடைத்துவைத்துக் காண்டாட்டா எழுதச் சொல்வதில்லை.

#10 மழைக்கால், திங்கள் இரவு 9:55

புதியவன். வயது 25, திருச்சி. இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டேன். எனக்கு வெளிநாட்டில் இரண்டு மாத ரெசிடென்சிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு சேர்ந்திசைப் படைப்பை எழுதி முடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போது பயமாக இருக்கிறது. செம்பருத்தி அக்கா, என்ன செய்வது?

#11 செம்பருத்தி, திங்கள் இரவு 11:20

தம்பி, முதலில் வாழ்த்துகள். நல்லபடியாகப் போய் வா.

பியானோ வேண்டும் என்றால் இப்போதே கடிதம் எழுதிக் கேள், ட்யூன் செய்திருக்கிறதா என்றும் கேள். அங்கே போய்க் கேட்டால் வாரங்கள் போய்விடும். உதவித்தொகை எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள். எனக்கு இரண்டாவது மாதம்தான் வந்தது, முதல் மாதம் ரொட்டியும் முட்டையுமாக ஓட்டினேன். முதல் ஒரு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கட்டும்.

சேர்ந்திசையை எழுதிவிடு. சொன்னதைச் செய்வது நல்லது, அது பாரமாக இருக்கும், பரவாயில்லை. முடிந்தால் கிளம்புவதற்கு முன் இங்கேயே பாதி எழுதிக்கொண்டு போ. பெர்லியோஸ் செய்ததைவிட இது நேர்மையானதுதான். அப்புறம் தினமும் ஒரு மணி நேரம் அறையை விட்டு வெளியே போய் நில். அந்த ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை என்ன பாடுகிறார்கள், சந்தையில் எப்படிக் கூவுகிறார்கள், பக்கத்து அறைக்காரர் என்ன செய்கிறார் என்று பார். பதிவுக் கருவியை எடுத்துப்போகாதே, காகிதம் எடுத்துப் போ. பதிவு செய்துவிட்டால் அப்போது கேட்க மாட்டோம், பிறகு கேட்கலாம் என்று விட்டுவிடுவோம். எனக்கு அப்படிப் பல மணி நேரப் பதிவுகள் வீட்டில் கிடக்கின்றன.

மூன்றாவது வாரம் ஒன்றுமே வரவில்லை என்றால் இங்கே வந்து எழுது. நான் பதில் போடுவேன்.

#12 லாஷபெல், செவ்வாய் அதிகாலை 3:05

மழைக்கால் தம்பிக்கு வாழ்த்துகள். ஒரு விசயம் சொல்ல விட்டுப்போனது.

லிலி 1914இல் தொடங்கி 1917இல் முடித்த இன்னொரு படைப்பு இருக்கிறது. 'பழைய பௌத்தப் பிரார்த்தனை'. ஒரு டெனர், சேர்ந்திசைக் குழு, ஆர்க்கெஸ்ட்ரா. சொற்கள் 'விசுத்திமக்க' என்ற பௌத்த நூலிலிருந்து எடுத்தவை. சுசான் கார்ப்பலெஸ் என்ற பெண் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். அந்த நூலைப் புத்தகோசர் 5ஆம் நூற்றாண்டில் பாளியில் எழுதியது எங்கட அநுராதபுரத்தில். மூச்சுவிடும் எல்லாம் பகையின்றி, தடையின்றி, துன்பத்தைக் கடந்து, தன் தன் வழியில் செல்லட்டும், பெண்கள் எல்லாரும், ஆண்கள் எல்லாரும், கிழக்கிலும் மேற்கிலும், வடக்கிலும் தெற்கிலும் என்று போகும். நடுவில் ஒரு புல்லாங்குழல் வரும். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அந்தப் பிள்ளை தெரிந்தெடுத்த சொற்கள் இவை.

அப்பா என்னோடுதான் இருக்கிறார், 84 வயது. 1983 இனக் கலவரத்துக்கு முன்னர் அநுராதபுரம் புகையிரத நிலையத்தில் வேலை செய்தவர். அங்கிருந்து எப்படி வந்தோம் என்பதை அவர் பெரிதாகக் கதைப்பதில்லை. போன ஞாயிறு இதைப் போட்டு, பிரெஞ்சுச் சொற்களை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வடக்கிலும் தெற்கிலும் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். போயா நாளில், பௌர்ணமியில், விடியப்புறம் விகாரை ஒலிபெருக்கியில் இதைத்தான் சொல்லுவாங்கள், சப்பே சத்தா என்று தொடங்கும், முதல் ரயில் வருவதற்கு முன்னர் பிளாட்போமில் நின்று கேட்பேன் என்றார். பிறகு, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார். மொம்மார்த்ர் சவக்காலையில்தான் அடக்கம், எங்கட லாஷபெல்லில் மெட்ரோ ஏறினால் அதே இரண்டாம் தடத்தில் ஐந்தாவது நிறுத்தம் என்றேன். மழை விட்டால் சனிக்கிழமை கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்.